சேண அறையில் எண்ணியவன்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 2009-ஆம் வருடம், பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. மதியம் 2.10-லிருந்து 2.26 வரை. மொத்தம் பதினாறு நிமிடம். ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை இன்னும் கழுவி முடித்திருக்கவில்லை.

இது நடந்தது சார்ஜன்ட் ரான்ஸ்ஃபர்ட் பின்னக்குக்கு. ஜமைக்காவின் நீலமலை மேல், மவுண்ட் ஆர்டன் முகாமில். கிங்ஸ்டனிலிருந்து அந்த முகாமுக்கு அரிசியும் மாவும் உப்புக் கருவாடும் ஏற்றிப் போன லாரிக்காரன் நான். பதினோரு வருடம் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டியிருக்கிறேன். பின்னக் பொய்யே சொல்லாத ஆள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன்னைக் கேவலப்படுத்துகிற பொய்யை எந்த மனிதனும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அவன் என்னிடம் சொன்னபோது இடது காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேதான் சொன்னான். அந்தக் காது அவனுக்கு இப்போது கேட்பதில்லை.

முகாம் பழையது. சமவெளியில் காய்ச்சல் வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஈசல் போல உதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், மலைக்காற்றுக்காகக் கட்டியது. கட்டியவர்கள் வேறு. அடிமைக் கப்பலிலிருந்து அப்படியே விலைக்கு வாங்கி, சிவப்புக் கோட்டு மாட்டி, கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்ட கறுப்புச் சிப்பாய்கள். ஒவ்வொரு கல்லையும் முதுகில் சுமந்து ஏற்றியவர்கள் அவர்கள்தான். முகாமில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உண்டு. மேலே இருப்பதில் பளிங்குப் பலகை, பெயர், வயது எல்லாம் இருக்கும். கீழே சரிவில் இருப்பதில் ஒன்றும் இருக்காது. ஆடு மேயும். நடந்தால் கால் அங்கங்கே உள்ளே இறங்கும், அவ்வளவுதான்.

இப்போது அங்கே நம் பையன்களுக்குப் பயிற்சி. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பதினெட்டு வாரத்தில் சிப்பாயாக்குவது பின்னக்கின் வேலை. நாற்பத்தொரு வயது. கதவை மறைக்கிற உடம்பு. அடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பின்னக் அடிப்பான். சரிவின் விளிம்பில், அதிகாரிகள் எவரும் இறங்காத இடத்தில், ஒரு கல் அறை. அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகளின் சேணம் வைத்த அறை. அங்கே ஒரு ஆணியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பழைய தோல்வார் தொங்கும். அதற்கு அவன் வைத்த பெயர் பாதிரியார். அவரிடம் போனால் எவனும் தன் பாவத்தைச் சொல்லிவிடுவான் என்பான்.

அந்த மாதம் முகாமின் ஆண்டு விழாவுக்காகக் கண்காட்சி ஏற்பாடு நடந்தது. பழைய தாள்களைத் தேடி எடுக்கும் வேலை அலுவலகத்தில் இருந்த கார்ப்பரல் வினெட் ஃபேசிக்கு. கெட்டிக்காரப் பெண். எதையும் பாதியில் விடமாட்டாள். திங்கட்கிழமை அவள் பின்னக்கிடம் வந்து நின்றாள்.

“சார்ஜ், கீழ சேண அறைச் சாவி உங்ககிட்ட இருக்காமே. ஒரு போட்டோ எடுக்கணும்.”

“அங்க எலியும் என் மாமியாரும்தான் இருக்காங்க. உனக்கு யாரை எடுக்கணும்?”

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சாவியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னக் பல தடவை யோசித்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குப் பெட்டிச் சோதனை. முப்பத்திரண்டு பையன்கள் கட்டிலுக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறார்கள். ஜெவான் டல்லக்கின் பெட்டியில் ஒரு தகர டப்பா இருந்தது. போர்ட்லாந்துக் கடற்கரைப் பையன் அவன். வயது இருபத்திரண்டு. அப்பா கடலில் இறந்தவர். அம்மா மீன் விற்பவள். டப்பாவில் அவள் செய்து அனுப்பிய தேங்காய் மிட்டாய். பின்னக் அதைத் தரையில் கொட்டி பூட்ஸால் நசுக்கினான். டல்லக்கின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அதைக் கண்டதும் பின்னக் அறைவதற்குக் கையை ஓங்கினான்.

டல்லக் அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

அடிக்கவில்லை. தள்ளவும் இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நொடி இருக்கும். முப்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னக் அவனைத் தனியாக வெளியே கூட்டிப் போய் இரண்டு வழி சொன்னான். ஒன்று, மேஜரிடம் போகலாம். சார்ஜன்ட் மேல் கை வைத்தவன் நாளைக் காலையில் மூட்டையோடு வீட்டுக்குப் போவான். இன்னொன்று, பாதிரியார். ஆறு அடி. அதோடு முடிந்தது.



“எங்கம்மா ஊரு பூரா சொல்லி வச்சிருக்காங்க, சார்ஜன்ட். மகன் பட்டாளத்துல இருக்கான்னு. நான் வீட்டுக்குப் போக முடியாது.”

“அப்ப நட.”

2.10. பின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். மூன்று மணிக்குத் துப்பாக்கிப் பயிற்சி இருந்தது.

மதியத்துக்கு மேல் மலையில் மூடுபனி வருவது வழக்கம்தான். எப்போதும் உச்சியிலிருந்து இறங்கும். அன்று அது கீழே சரிவிலிருந்து ஏறி வந்தது. பெயரில்லாத கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, படிப்படியாக, அவர்களுக்கு எதிரே வந்தது. மேலே மைதானத்தில் யாரோ அணிநடைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படி இறங்கியதும் அந்தச் சத்தம் கத்தரித்தது போல நின்றது.

அறைக் கதவில் பூட்டு திறந்து தொங்கியது.

சாவி பின்னக்கின் பையில் இருந்தது. ஃபேசி எப்படியோ திறந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் பல்லைக் கடித்தான். உள்ளே தரையில் மணல். ஈரமான புது மணல், யாரோ வேண்டுமென்றே பரப்பி வைத்தது போல. காடி வாசனை வேறு. புளித்த காடி, மூக்கைக் குத்தியது.

ஆணியிலிருந்து பாதிரியாரை எடுத்தான். பிடிக்கிற இடம் சூடாக இருந்தது.

ஒரு கை இப்போதுதான் விட்டது போல.

“சட்டையைக் கழட்டு. உத்தரத்தைப் பிடி. திரும்பாத.”

அறையின் குறுக்கே தாழ்வான உத்தரம். டல்லக் சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்தான். அந்த நேரத்திலும் மடித்துத்தான் வைத்தான். இரண்டு கையாலும் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டான்.

2.14. பின்னக் கையை ஓங்கினான்.

டும்.

வெளியே ஒரு முரசு. ஒரே ஒரு தட்டு.

கை அதற்குள் இறங்கிவிட்டது. பளீர்.

“ஒன்று.”

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. ஆண் குரல். கோபம் இல்லை. சந்தையில் மூட்டை எண்ணுகிறவனின் சலிப்பு மட்டும் இருந்தது.

பையன்கள் விளையாடுகிறார்கள் என்றுதான் பின்னக் நினைத்தான். வாரைப் பிடித்தபடியே கதவை உதைத்துத் திறந்து வெளியே போனான். வெள்ளை. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. “எவன்டா அது? மாட்டினா தோலை உரிச்சிடுவேன்” என்று பனிக்குள் கத்தினான். அவன் குரல் நாலு அடிகூடப் போகாமல் முகத்துக்கு நேரே விழுந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது மணலைப் பார்த்தான். அவனுடைய பூட்ஸ் தடம். டல்லக்கின் பூட்ஸ் தடம். அப்புறம் இன்னொன்று... டல்லக்குக்கு இடப்பக்கத்தில். வெறுங்கால் தடம். அகலமான பாதம். விரல்கள் மணலில் அழுந்தப் பதிந்து, காலை ஊன்றி ஒருவன் நின்ற தடம்.

“சார்ஜன்ட்... யாரு எண்ணுறது?” டல்லக் திரும்பாமல் கேட்டான்.

“டப்பியா இருக்கும்” என்றான் பின்னக். எங்கள் ஊரில் பேய்க்கு அதுதான் பெயர். “டப்பிக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதுடா. பயப்படாத.”

இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வாசலில் ஒரு பிடி பயறைத் தூவினால் போதும். டப்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விடியும் வரை உள்ளே வராது. பின்னக் அதைச் சொல்லித் தானே சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை என்று அவனே சொன்னான்.

டும். பளீர். “இரண்டு.”

டும். பளீர். “மூன்று.”

பின்னக் காத்திருந்தான். காடி வாசனை அதிகமாகியிருந்தது.

டும்.

கையை அவன் ஓங்கவில்லை. அது தானாக ஏறியது.

பளீர்.

“நான்கு.”

டல்லக் முதல் தடவையாக முனகினான். ஐந்து. ஆறு. ஆறோடு பேச்சு முடிந்தது. பின்னக் கையைத் தாழ்த்தப் பார்த்தான். தோள் அவன் சொல்லைக் கேட்கவில்லை. விரலைத் திறந்து வாரைக் கீழே போடப் பார்த்தான். விரல்கள் அதன்மேல் பூட்டிக்கொண்டு கிடந்தன.

“ஏழு.”

“சார்ஜன்ட், ஆறுன்னீங்களே...”

“எட்டு.”

பின்னக் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். இரண்டு கையும் சேர்ந்து ஏறின. இரண்டும் சேர்ந்து இறங்கின. ஒன்பதாவது அடியில் தோல் பிளந்தது. பத்தாவதில் ரத்தம் சுவரில் கோடு போட்டது. அவன் வாயில் சூடாக ஒரு துளி தெறித்தது. உப்பு. துப்பக்கூட முடியவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சத்தம் கேட்டது. அவனுடையது ஒன்று. டல்லக்கின் இடப்பக்கமிருந்து இன்னொன்று. அது தோல்வாரின் சத்தம் இல்லை. மெல்லியது. விஸ்ஸ்... என்று நிறைய நுனிகள் காற்றைக் கிழிக்கிற சத்தம்.

மணலில் வெறுங்கால் தடம் ஆழமாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் திரும்பியது.

ஆள் இல்லை.

பதினெட்டு.

டல்லக் கத்துவதை நிறுத்திவிட்டான். அவன் கை உத்தரத்தை விடவும் இல்லை. விட முடியவில்லை. கட்டியது போல மணிக்கட்டில் தோல் குழிந்து கிடந்தது. கயிறு எதுவும் இல்லை.

இருபது.

பின்னக் அழுதான். இருபத்தொரு வருடப் பட்டாள வாழ்க்கையில் முதல் தடவையாக. “போதும் சார், போதும் சார்” என்று கதவைப் பார்த்துக் கெஞ்சினான்.

“இருபத்து நான்கு.”

“இருபத்தைந்து.”

நின்றது.

முரசும் நின்றது.

யாரோ பின்னக்குக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மூச்சு கழுத்தில் பட்டது... குளிர்ந்த மூச்சு. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். வாரை வாங்கிக்கொண்டார்கள். தோளைத் தொட்டு ஓரமாகத் தள்ளினார்கள்.

முறை மாறியது போல.

டும்.

“இருபத்தாறு.”

இப்போது இரண்டு பக்கமும் விஸ்ஸ்.

முதுகில் தசை தெரிந்தது.

“இருபத்தேழு.”

அதற்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

பின்னக் பாய்ந்தான். யோசிக்கவில்லை. தன் உடம்பு முழுவதையும் பையனின் முதுகின்மேல் போட்டு மூடினான். இரண்டு கையாலும் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

விஸ்ஸ்.

இடது கன்னம். இடது காது. தலைக்குள் ஒரு மணி உடைந்தது.

எண்ணிக்கை வரவில்லை.

ஒரு தாள் புரளும் சத்தம். பேனா கீறுகிற சத்தம். பிறகு அதே குரல், அதே சலிப்பு:

“ஆஸ்பத்திரிக்கு. மிச்சம் ஆறிய பிறகு.”

2.26.

மேலே மைதானத்தில் அணிநடைக் குரல் விட்ட இடத்திலிருந்து கேட்டது.

பின்னக் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். வழியெல்லாம் ரத்தம் சொட்டியது. மருத்துவ அறையில் கேப்டன் லாஸ் என்ற பெண் மருத்துவர் இருந்தார். யார் செய்தது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், நான்தான் அடித்தேன் என்று பின்னக் சொல்லிவிட்டான். அன்றைக்கே அவனைக் காவல் அறையில் போட்டார்கள்.

மறுநாள் காலையில் லாஸ் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். ராத்திரி முழுவதும் தூங்காத முகம்.

“எத்தனை பேர் அடிச்சீங்க, பின்னக்?”

“நான் ஒருத்தன்தான், மேடம்.”

“நீ வலதுகைக்காரன். அவன் முதுகுல இடது பக்கத்துலேருந்தும் அடி விழுந்திருக்கு. வலையாட்டம் குறுக்கும் நெடுக்குமா. எதால அடிச்ச?”

“தோல்வார்.”

“பொய் சொல்லாத. அது முடிச்சுப் போட்ட மெல்லிசுக் கயிறு. ஒரு அடிக்கு ஒன்பது கோடு. எண்ணிப் பாத்துட்டேன். உன் கன்னத்துலயும் ஒன்பது இருக்கு.”

கேப்டன் ஆள் அனுப்பிச் சேண அறையைப் பார்க்கச் சொல்லியிருந்தார். கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். தரையில் மணல் இல்லை. மடித்து வைத்த சட்டை மட்டும் ஓரமாக இருந்தது. பாதிரியார் ஆணியில் தொங்கியது. உலர்ந்து, தூசி படிந்து. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஃபேசி அன்று சாயங்காலம் வந்தாள். கிங்ஸ்டனில் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு தண்டனைப் புத்தகத்தின் நகல் அவளுக்கு வந்திருந்தது. 1811-ஆம் வருடத்துப் பக்கம். கம்பி வழியாக நீட்டினாள். பின்னக்கால் படிக்க முடியவில்லை, எழுத்து ஆடியது. அவளே படித்துச் சொன்னாள். கேட்டோ என்று கப்பலில் பெயர் வைக்கப்பட்ட ஒரு கறுப்புச் சிப்பாய். குற்றம், அடிக்க ஓங்கிய சார்ஜன்ட்டின் கையைப் பிடித்தது. தண்டனை எழுநூறு கசையடி. முரசடிக்கும் சிப்பாய்கள் இரண்டு பேர், முடிச்சுப் போட்ட ஒன்பது கயிறு கொண்ட சாட்டையோடு இரண்டு பக்கமும் நின்று அடிக்க வேண்டும், இருபத்தைந்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். அவர்களும் கேட்டோ வந்த அதே கப்பலில் வந்தவர்கள். அத்தனை அடியை ஒரே நாளில் எந்த உடம்பும் தாங்காது. அதனால் கொஞ்சம் அடித்து, ஆஸ்பத்திரியில் போட்டு, ஆறியதும் மறுபடி கூட்டி வந்து அடித்திருக்கிறார்கள். ரத்தத்தை உறிஞ்சத் தரையில் மணல், காயத்தில் ஊற்றக் காடி என்றுகூட எழுதியிருந்தது. பக்கத்தில் அடித்த நாட்களாக நான்கு தேதிகள் இருந்தன.

“நாலாவது தேதிக்கு அப்புறம் ஒண்ணுமே எழுதல, சார்ஜ். முடிஞ்சதுன்னும் போடல. செத்தான்னும் போடல.”

ஃபேசி தாளை மடித்து வைத்தாள். இதைக் கோர்ட்டில் சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்குப் பின்னக் வேண்டாம் என்றான்.

“முதல் அடி என்னோடதுதானே, ஃபேசி. அதை எந்த டப்பியும் அடிக்கல.”

ராணுவ நீதிமன்றத்தில் அவன் குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்தேன் என்றான். இரண்டு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வந்து இப்போது செயின்ட் மேரியில் வாழைத் தோட்டத்தில் வேலை. சேண அறையை இடித்துவிட்டார்கள். கல்லை எடுத்துப் போக ஊரில் எவனும் வரவில்லை.

டல்லக் பிழைத்துக்கொண்டான். பட்டாளம் அவனை அனுப்பிவிட்டது. போன வருடம் போர்ட் அன்டோனியோவில், மீன் இறங்குகிற துறையில் அவனைப் பார்த்தேன். நன்றாகச் சதை போட்டிருந்தான். அவன் அம்மா செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் அந்த முகாமுக்கு லாரி ஓட்டியவன் என்றதும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டு தாள்கள். இரண்டும் மருத்துவச் சான்று. இரண்டிலும் கேப்டன் லாஸின் கையெழுத்து.

முதல் தாள் பிப்ரவரி 4, டல்லக் முகாமில் சேர்ந்த நாள். முதுகு என்ற இடத்தில், “தழும்போ காயமோ இல்லை” என்று இருந்தது.

இரண்டாவது பிப்ரவரி 17, மாலை 4.40. புதுக் காயங்களைப் பற்றி முக்கால் பக்கம். அதற்குக் கீழே தனியாகச் சில வரிகள். எழுதி, கோடு போட்டு அடித்து, மறுபடி அதையே எழுதியிருந்தார். ரத்தத்தைக் கழுவிய பிறகு, புதுக் காயங்களுக்கு அடியில், கழுத்திலிருந்து இடுப்பு வரை, இடைவெளி விட்டு மூன்று தடவை அடிபட்டு, மூன்று தடவையும் முழுதாக ஆறிய பழைய தழும்புகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் ஒரு வருடத்துக்குக் குறைந்தது இல்லை.